கண்ணாடி அக்கா கண்கலங்கியதாக வந்த செய்தி

தான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தியைக் கண்ணாடி அக்கா மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஒன்பது இருபதுக்கு, ஆலயத்தின் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டார். வட்டாரச் செய்திமடல், இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது செய்தி.

"மேட்டுச்சபை: இருபத்திரண்டு ஆண்டுகள் மூப்பராக அரும்பணியாற்றிய நம் அன்புச் சகோதரி, கண்ணாடிக்கடை அக்கா என்று அனைவராலும் அழைக்கப்படுபவர், தாமாகவே மனமுவந்து ஓய்வு பெற்றார். கடந்த ஞாயிறு நடைபெற்ற வழியனுப்பு விழாவில் திரளானோர் கலந்துகொண்டனர். சகோதரிக்குச் சுவர்க்கடிகாரம் நினைவுப்பரிசாக வழங்கப்பட்டது. சகோதரி கண்கலங்க நன்றி கூறினார்."

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா நேரே வீட்டுக்குப் போய் இரண்டு வாளித் துணி துவைத்தார். விழா எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கடிகாரம் கைக்கு வரவில்லை. கண் கலங்கவில்லை, சோப்பு நுரைகூடத் தெறிக்கவில்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவர் கையாலேயே தேய்த்து மாட்டிய கண்ணாடி, அதில் கோளாறு இருக்க வழியில்லை. அச்சில் இருப்பது இருந்தபடியே இருந்தது.

அதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பற்றியது. தையல்கடைக்கார அம்மாள்.

"விழாவுக்கு வரமுடியலம்மா. முட்டி வலி. மனசுல வச்சுக்காத."

அதையாவது பொறுக்கலாம். பின்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் எட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் வந்திருந்தேன். கூட்டம் அதிகம், அதான் பின்னாலேயே நின்னுட்டேன். நீங்க அழுதப்ப எனக்கும் தாங்கலக்கா."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். மனிதர் முகத்தில் பொய்யின் நிழலே இல்லை. நடக்காத விழாவில் நின்று, கலங்காத கண்ணுக்காகத் தானும் கலங்கிவிட்டு வந்திருந்தார். மடல் செய்யும் வேலை அப்படி.

மடலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வட்டாரத்தில் பிரஸ்பிட்டேரியன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சபைகள் பதினாலு. இந்த மார்க்கத்தில் பேராயர் என்று ஒருவர் உட்கார்ந்து ஆணையிடுவதில்லை. அதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. ஆணையிட ஆளில்லாத இடத்தில் குழு போடுவார்கள். ஒவ்வொரு சபைக்கும் ஒரு மூப்பர் குழு, எல்லாச் சபைகளுக்கும் மேலே வட்டாரக் குழு, அந்தக் குழு சரியாகக் கூடுகிறதா என்று பார்க்க ஒரு குழு. யார் எதைத் தீர்மானித்தாலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவேண்டும். குறிப்பில் ஏறியதைச் செய்யவேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தப் பதினாலு சபைகளுக்கும் மாதம் ஒரு செய்திமடல். நாலு பக்கம். நடந்த நிகழ்ச்சிகள் மூன்று பக்கம், வரவிருக்கும் நிகழ்ச்சிகள் ஒரு பக்கம். முதல் ஞாயிறு எல்லாப் பெஞ்சிலும் மடல் இருந்தாக வேண்டும். அதற்குப் பதினைந்தாம் தேதிக்குள் செய்தி தரவேண்டும். அப்படியானால் பதினாறாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை நடப்பதை என்ன செய்வது? அடுத்த மடலுக்குத் தள்ளினால் ஆறிப்போய்விடுமாம். ஆகவே நடப்பதற்கு முன்பே நடந்ததாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தோரு வருடமாக இதுதான் வழக்கம். மடல் தயாரிக்கிற பெரியவருக்கு முன்தேதியார் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியும், வருத்தமும் கிடையாது.

ஒருமுறை கடற்கரைச் சபையின் குடும்ப உலா கொட்டும் மழையில் ரத்தாயிற்று. மடலில் அன்று இளவெயில் அடித்தது. சாக்கு ஓட்டத்தில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் யார் யார் என்றும் வந்திருந்தது. இரண்டாம் இடக்காரர், ஓடாத ஓட்டத்தில் தனக்கே முதலிடம் சேரவேண்டும் என்று கடிதம் போட்டார். இன்னொரு மாதம், சிறப்புப் பிரசங்கம் செய்ய வரவேண்டிய போதகர் குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மடலில் அவர் முக்கால் மணி நேரம் அனல் பறக்கப் பேசியிருந்தார். பார்க்கப் போனவர்கள் பிரசங்கத்தைப் பாராட்டினார்கள். அவரும் படுத்தபடியே நன்றி சொன்னார்.

இதையெல்லாம் கேட்டு இத்தனை நாள் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் அக்காவும் ஒருவர். ஊரார் வீட்டு முன்தேதிக்குச் சிரிப்பு வரும். தன் தலையில் விழும்போதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிகிறது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, முப்பது வருடமாக. முன்பக்கம் விளக்கு, நாற்காலி, சிரித்த முகம் எல்லாம் உண்டு. பின்னறையில் தேய்க்கும் சக்கரம், சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்க் குழாய், விரலிடுக்கில் காயாத வெள்ளைக் குழம்பு. ஒரு நூலளவு தவறினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும், படி இறங்கும்போது தரை மேலே எழும்பும். ஆகவே அக்காவிடம் "சுமாராக" என்ற சொல் கிடையாது. "கிட்டத்தட்ட சரி" என்று யாராவது சொன்னால், "அப்ப தப்பு" என்பார். வீட்டுக்காரர் லிப்ட் பழுதுபார்ப்பவர். அவரும் அதே ரகம். அந்த வீட்டில் சுவரில் மாட்டிய படம் ஒன்றுகூடச் சாய்ந்திருக்காது.

முப்பத்துநாலு வயதில் சபையார் அவரை மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தச் சபைகளில் மூப்பர் பட்டம் ஆயுளுக்கும். விலகவேண்டுமானால் தானே கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும், அது குழுவில் வாசிக்கப்பட்டுக் குறிப்பில் ஏறவேண்டும். ஒவ்வொரு மூப்பருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லாரும் கூடி அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து வரும். அதற்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் போய்த் திருவிருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, நலம் விசாரித்து வரவேண்டும். மற்ற மூப்பர்கள் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவார்கள். அக்கா உள்ளே போய் உட்காருவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அதிலும் கெட்ட பழக்கம், கேட்டதைக் குழுவில் வந்து அப்படியே சொல்லிவிடுவார்.

அவர் பொறுப்பில் உள்ள பதினொரு வீடுகளில் ஒன்று அஞ்சல்காரருடையது. முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலோடு போயிற்று. ஆலய வாசலில் மூன்று படி. முதல் தடவை நாலு பேர் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். இறக்கும்போது ஒருவர் கை நழுவியது. அஞ்சல்காரர் கீழே விழவில்லை. ஆனால் அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

"முப்பது வருஷம் நான் பார்சல் தூக்கியிருக்கேன்மா. என்னைப் பார்சலாத் தூக்க விடமாட்டேன்" என்றார் அக்காவிடம்.

திருவிருந்து அவர் வீடு தேடி வந்தது. போதகர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்புவார். "எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடத்தானே அது விருந்து? எனக்கு மட்டும் என்ன தனிப்பந்தி?" என்று அஞ்சல்காரர் கேட்டார். அக்கா எழுந்தார். நேரே குழுவுக்குப் போய், வாசலில் சரிவுப்பாதை வேண்டும் என்றார். நாலு வருடத்துக்கு முன்பு. குறிப்பில் ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி ஏற்றினார்கள். பதினாறு தடவை ஏறியிருக்கிறது அந்தச் சரிவுப்பாதை. அஞ்சல்காரர்தான் ஒரு தடவையும் ஏறவில்லை.

இதற்கு நடுவே சபைக்கு நூறு வயது நெருங்கியது. வாசலை ஒட்டினாற்போல் நூற்றாண்டு நினைவுக்கல் நடுவது என்று முடிவாயிற்று. அதில் இதுவரை இருந்த சபைச் செயலர்கள் எல்லாருடைய பெயரும் பொறிக்கப்படும். சரிவுப்பாதை போட்டால் கல்லுக்கு இடமில்லை. கல்லை நட்டால் பாதைக்கு இடமில்லை. இப்போதைய செயலர் எந்தப் பக்கம் நின்றார் என்று விளக்கவேண்டியதில்லை. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது.

மேட்டுச்சபையிலிருந்து மடலுக்கு வழக்கமாகச் செய்தி கொடுப்பவர் செயலர்தான். மடல் வந்த ஞாயிறன்று அவர் பின்கதவு வழியாகப் போய்விட்டார். திங்கள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அக்கா அவர் கடைக்கே போனார். நகல் எடுத்து லேமினேஷன் போடும் கடை. சூடான பிளாஸ்டிக் வாசனை. அக்காவைக் கண்டதும் செயலர் கையிலிருந்த யாரோ ஒருவரின் மதிப்பெண் பட்டியல் கோணலாக இயந்திரத்துக்குள் போயிற்று.

"வாங்கக்கா. உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"நான் எப்ப தம்பி ஓய்வு வாங்கினேன்?"

செயலர் இயந்திரத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வந்துக்கா… பதினெட்டாந்தேதி உங்க வீட்டுக்கு வந்து பேசறதா இருந்தேன். நீங்களும் சரின்னு சொல்லுவீங்க, மாசக் கடைசி ஞாயிறு விழா வச்சுடலாம்னு. ஆனா மடலுக்குப் பதினஞ்சுக்குள்ள குடுக்கணுமே. அதனால முன்னாடியே குடுத்துட்டேன்."

"பதினெட்டாந்தேதி ஏன் வரல?"

"வந்தேன்க்கா. உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். நீங்க மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தீங்க. முகத்தைப் பார்த்தேன். திரும்பிட்டேன்."

"சரி, செய்தியையாவது திரும்ப வாங்கியிருக்கலாமே?"

"மறந்துட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப மறக்கலக்கா."

ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்லலாம். அகப்பட்டுக்கொண்டபின் செயலர் ஒளிப்பதில்லை. மடமடவென்று கொட்டிவிட்டார். குழுவில் எல்லாரும் நினைப்பது என்னவென்றால், அக்காவும் இனி ஓய்வெடுக்கலாம். யார் அந்த எல்லாரும் என்று அக்கா கேட்டார். தானும் போதகரும் என்றார். போதகர் என்ன சொன்னார் என்று கேட்டார். போதகர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைத்தான் அசைத்தார், எந்தப் பக்கம் அசைத்தார் என்று இப்போது சரியாக நினைவில்லை.

"நாலு வருஷமா ஒரே பல்லவி அக்கா. சரிவுப்பாதை, சரிவுப்பாதை. கூட்டம் ஆரம்பிச்சாலே மத்தவங்க கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடறாங்க."

"அதான் எனக்கும் ஒரு கடிகாரமா?"

செயலர் மேசைக்கடியில் குனிந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். நிஜமாகவே வாங்கியிருந்தார்கள். வண்ணத்தாள் சுற்றி, நாடா கட்டி.

"இதையாவது வாங்கிக்குங்கக்கா. அச்சுல வந்துடுச்சு. பதினாலு சபையும் படிச்சாச்சு. இப்பப் போய் நடக்கலன்னு சொன்னா மடல் பொய்னு ஆயிடும். நீங்க நிஜமாவே ஓய்வு வாங்கிட்டீங்கன்னா யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க."

பொய்யை எழுதியவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பொய்யை மெய்யாக்கும் பாரம் யாரைப் பற்றி எழுதினார்களோ அவர் தலையில். 

"என் கைப்பட எழுதின கடிதம் குறிப்புல ஏறியிருக்கா தம்பி?"

"அதைத்தான் கேக்கலாம்னு…" என்று செயலர் இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துக்கென்று ஒரு கோடுகூடப் போட்டிருந்தார். போட்டதோடு விடாமல், கைப்பழக்கம், லேமினேஷனும் செய்திருந்தார்.

அக்கா பேனாவை வாங்கி அந்தக் கோட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். மை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கர்த்தருக்கே இஷ்டமில்ல போலிருக்கே தம்பி" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். கடிகாரம் மேசைமேலேயே இருந்தது.

மறுநாள் மாலை முன்தேதியார் வீடு. அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு வரப்பு அரையடி நகர்ந்திருந்தாலும் விடமாட்டாராம். அத்தனை வருடம் அங்குலம் அங்குலமாக உண்மையை அளந்த அலுப்பை இப்போது மடலில் தீர்த்துக்கொள்கிறாரோ என்னவோ. முன்னறை முழுக்கப் பழைய மடல் கட்டுகள். மேசையில் அடுத்த மாத மடலின் தாள்கள், பசையும் கத்தரியுமாக.

"திருத்தமா?" என்றார் பெரியவர், கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல. "முப்பத்தோரு வருஷத்துல ஒரு திருத்தம் வந்ததில்லம்மா."

"தப்பு வந்ததே இல்லீங்களா ஐயா?"

"திருத்தம் வந்ததில்ல."

"நான் உயிரோட, பதவியோட உங்க முன்னாடி நிக்கிறேன்."

"நல்லா இருங்கம்மா. ஆனா இந்த மாசம் உங்களுக்குத் திருத்தம் போட்டேன்னு வைங்க, அந்த மழைக்கால உலாவுக்குப் போடணும். குடல்வால் ஐயாவோட பிரசங்கத்துக்குப் போடணும். அப்புறம் மடல்ல திருத்தம்தான் இருக்கும், செய்தி இருக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருந்தன்மையாகச் சொன்னார்: "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நீங்க திரும்பவும் மூப்பர் ஆகிட்டதா யாராவது எழுதிக் குடுக்கட்டும். போட்டுடறேன்."

 அக்காவின் பார்வை மேசையில் இருந்த மூன்றாம் பக்கத்தில் நின்றது. நடுவே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். எந்தச் சபையோ செய்தி தரவில்லை. பக்கத்திலேயே கடைசிப் பக்கம், வரவிருக்கும் நிகழ்ச்சிகள். அதில் முதல் வரி: "பதினோராம் தேதி, இரண்டாம் ஞாயிறு, பதினாலு சபைகளின் கூட்டுத் திருவிருந்து ஆராதனை. இடம்: மேட்டுச்சபை."

"செய்தி குடுக்க யார் கையெழுத்து வேணும் ஐயா?"

"சபையோட மூப்பர் ஒருத்தர் போட்டாப் போதும்."

"பதினஞ்சாந்தேதி வரைக்கும் வாங்குவீங்க?"

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்."

அங்கிருந்து அக்கா அஞ்சல்காரர் வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மடலைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஓய்வெல்லாம் வாங்கிட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எங்கிட்டயே யாரும் சொல்லலண்ணே."

நடந்ததை எல்லாம் சொன்னார். பிறகு, தன் மனதில் இருப்பதையும் சொன்னார்.  அஞ்சல்காரர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"போடு. என் பேரையும் போடு. ஆனா நான் அழுதேன்னு மட்டும் போட்டுடாத. அந்த மடல்ல எவனைப் பார்த்தாலும் அழுதுட்டே இருக்கான்."

வீட்டில்தான் இடித்தது. அக்கா மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் தோளுக்கு மேலிருந்து படித்தார்.

"பொய்யா எழுதற?"

"முன்தேதி போடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். இது அவருக்கும் உறுத்தாமல் இல்லை. முப்பது வருடம் நூலளவு பிசகாமல் தேய்த்த கை. "பதினாறு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேங்க. எழுதிக்கிட்டாங்க. ஒரு செங்கல் வந்துச்சா? என்னைப் பத்தி அவங்க பொய் எழுதினப்ப, அதை நான்தான் உண்மையாக்கணும்னாங்க. அதே சட்டம் அவங்களுக்கும் இருக்கட்டுமே. அந்த ஞாயிறுக்குள்ள கட்டிட்டா இது பொய்யில்ல. கட்டலன்னா, பொய் யாரோடதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

வீட்டுக்காரர் தாடையைச் சொறிந்தார். "எத்தனை அடி நீளம்னு போட்டியா? போடலன்னா ஏமாத்திடுவாங்க" என்றார்.

பதினைந்தாம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்கு அக்கா தாளை முன்தேதியாரிடம் நீட்டினார். பெரியவர் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வெற்றிடத்தைப் பார்த்தார்.

"நீங்க ஓய்வு வாங்கிட்டீங்களேம்மா?"

"நடவடிக்கைக் குறிப்புல அப்படி இருந்தா இந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க ஐயா."

குறிப்பில் இல்லை என்று அவருக்கும் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அதுவும் அக்கா தேய்த்துக் கொடுத்ததுதான்.

"இது நடக்குமா?"

"முப்பத்தோரு வருஷத்துல இந்தக் கேள்வியை வேற யாரையாவது கேட்டிருக்கீங்களா ஐயா?"

முன்தேதியார் கத்தரியை எடுத்தார். செய்தி வெற்றிடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியபின் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. அதை அவரே பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் நாலாம் தேதி, முதல் ஞாயிறு. பதினாலு சபைகளின் பெஞ்சுகளிலும் மடல் இருந்தது. மூன்றாம் பக்கம்:

"மேட்டுச்சபை: ஆலய வாசலில் பதினெட்டு அடி நீளமுள்ள சரிவுப்பாதை கடந்த ஞாயிறு திறந்து வைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற அஞ்சல்காரர், மூப்பர் கண்ணாடிக்கடை அக்கா உடன்வர, தம் சக்கர நாற்காலியில் முதலாவதாக ஏறி ஆலயத்துக்குள் வந்தார். திரளானோர் கலந்துகொண்டனர். சபைச் செயலர் கண்கலங்க நன்றி கூறினார்."

மேட்டுச்சபையார் படித்தார்கள். படித்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்கள். மூன்று படி. மறுபடி மடலைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், "அருமையான பாதை" என்றார். போதகர் பிரசங்க மேடையில் மூன்றாவது தலைப்பை மறந்து முதல் தலைப்புக்கே திரும்பிப் போனார்.

ஆராதனை முடிந்ததும் செயலர் பின்கதவைத் தேடவில்லை. நேரே மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார். மடலின் மூன்றாம் பக்கத்தை விரித்து நீட்டினார்.

"என்னக்கா இது? நான் எப்ப கண்கலங்கினேன்?"

"உங்களுக்குமா தம்பி யாரும் சொல்லல?"

"அக்கா, இது விளையாட்டு இல்ல. ஏரிக்கரைச் சபையில இருந்து காலையிலேயே போன். கூட்டு ஆராதனைக்கு அவங்க பக்கம் ரெண்டு சக்கர நாற்காலி வருதாம். இத்தனை நாள் எங்கயும் போகமுடியாம இருந்தாங்களாம், நம்மகிட்ட பாதை இருக்குன்னு தெரிஞ்சதும் கிளம்பிட்டாங்களாம். ஆலைத்தெருச் சபையில ஒண்ணு. கைத்தடி வச்சு நடக்கிறவங்க ஒம்பது பேர். வேனே பேசிட்டாங்க."

"நல்லதுதானே."

"நாம திருத்தம் போட்டு…"

"மடல்ல திருத்தம் போடற வழக்கமில்லையாம். வேணும்னா ஒவ்வொரு சபையா நீங்களே போன் பண்ணி, பாதை இல்ல, வராதீங்கன்னு சொல்லுங்க. நான் நம்பர் தரேன்."

செயலர் மடலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவரிடம் வராதே என்று சொல்வதை மனதுக்குள் ஒருதரம் ஒத்திகை பார்த்திருப்பார் போல. நாலு வருடமாக அஞ்சல்காரரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியம்தான் வந்ததில்லை.

திங்கள் காலை கொத்தனார் வந்தார். நாலு வருடமாகக் குழுவின் பரிசீலனையில் இருந்த விஷயம் ஆறே நாளில் சிமெண்டாயிற்று. குழு கூடவில்லை. உபகுழு அமைக்கவில்லை. இதில் அக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது ஆத்திரம்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாக நடந்தார். ஆறு நாளில் முடிகிற வேலையாம் இது! இதற்கா ஒரு மனிதர் நாலு வருடம் தனிப்பந்தியில் உட்கார்ந்தார்? தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டார்: ஆறு நாளைக் கழித்தால் மீதி எல்லாமே நினைவுக்கல்லுக்குப் போன நாட்கள்.

இரண்டாம் ஞாயிறு, பதினோராம் தேதி. உண்மையாகவே திரளானோர் வந்துவிட்டார்கள். முன்தேதியாரே வந்து நின்று, தான் எழுதிய சொல் கண்ணெதிரில் நடமாடுவதை நம்பாதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சல்காரரை அக்காவின் வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை, வாரிவிட்ட தலை.

"நான் போன மாசமே வந்துட்டேனாமே?" என்றார் வாசலில் நின்ற செயலரிடம். "எப்படி ஏறினேன்? நல்லா ஏறினேனா?"

செயலர் சிரிக்க முயன்றார். அஞ்சல்காரர் சக்கரத்தில் கை வைத்து, தானே உருட்டிக்கொண்டு பாதையில் ஏறினார். பாதிவரை ஏறினார். பாதியில் நாற்காலி நின்றது. கை நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. நாற்காலி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. வீட்டுக்காரர் பாய்ந்து பிடித்தார். செயலரும் ஓடிவந்து தோள் கொடுத்தார். இரண்டு பேருமாகத் தள்ளித்தான் மேலே சேர்த்தார்கள்.

அக்கா கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். குனிந்து, பாதையின் ஓரமாகவே அளந்துகொண்டு கீழே வந்தார். பதினோரு அடி. பாதை முடிந்த இடத்துக்கு அப்பால், நினைவுக்கல்லுக்கு ஒதுக்கிய சதுரம் செங்கல் அடுக்கிப் பத்திரமாக வேலி கட்டப்பட்டிருந்தது.

"பதினெட்டு அடின்னுதானே தம்பி மடல்ல வந்தது?"

"இடம் பத்தலக்கா. கிட்டத்தட்ட சரியாத்தான்…"

"அப்ப தப்பு." அக்கா நிமிர்ந்தார். வாசலில் வந்து நின்ற வேனிலிருந்து ஏரிக்கரைச் சபையின் இரண்டு நாற்காலிகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் இருபது வயதுப் பெண். அவள் பாதையின் ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தாள். அக்கா செயலரிடம் திரும்பினார். "ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். மூணு படி, பதினெட்டு அங்குலம். நாலு வருஷமா குறிப்புல இருக்கு. இப்பப் போய் அந்தப் பொண்ணைத் தள்ளி விடுங்க. தள்ளும்போது நான் சொன்னதை நினைச்சுக்குங்க."

செயலர் தள்ளினார். மூன்று நாற்காலிகளையும் அவரே தள்ளினார், சட்டை முதுகோடு ஒட்டும்வரை. உள்ளே அஞ்சல்காரர் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், மற்ற எல்லாரோடும், அப்பத்தை வாங்கிப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அவர் அழவில்லை. சொன்னபடி.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செயலர் அக்காவிடம் வந்தார். கையில் அதே அட்டைப்பெட்டி, நாடா கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"அக்கா, ஓய்வு பேச்சை விடுங்க. சும்மா ஒரு அன்புக்கு, இந்தக் கடிகாரத்தை…"

அக்கா பெட்டியை வாங்கவில்லை. செயலரின் தோளுக்கு மேலாக, டீக்கோப்பையோடு நின்ற முன்தேதியாரைப் பார்த்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பேனா முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஆவலோடு காத்திருந்தார்.

"இன்னும் ஏழடி பாக்கி இருக்கு, தம்பி. பதினஞ்சாந்தேதிக்கு நாலு நாள் இருக்கு" என்றார் அக்கா.

செயலர் கடிகாரப் பெட்டியை டீ மேசைமேல் வைத்தார். அக்காவின் கையிலிருந்த அளவுநாடாவை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், அங்கே அடுக்கியிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.